ஆர்ஜொந்தெய் நீர்மூழ்கி

2009ஆம் ஆண்டின் கோடை முடிந்துகொண்டிருந்தது. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் நான் வேலை செய்தேன். முன்பக்கத்தில் தொலைபேசி அட்டைகளும் உறைகளும் விற்பார்கள். பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத மூலையொன்றில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஈயப்பற்று வைக்கும் கோல், உருப்பெருக்கிக் கண்ணாடி. அது என் இடம். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்தவள் நான். படிப்பு முடிவதற்குள் கல்யாணம் பேசி பாரிசுக்கு அனுப்பிவிட்டார்கள். சில வருடங்களில் அந்தக் கல்யாணமும் முடிந்து, அவர் லண்டனுக்குப் போய்விட்டார். நான் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், தண்டவாளங்களைப் பார்த்த ஒற்றை அறையொன்றில் தங்கிவிட்டேன்.

அந்த வருடத்தின் வசந்தம் முழுக்க எங்கள் தெருச் சனம் ஊர்வலங்களில் நின்றது. மே மாதத்தில் ஊரில் போர் முடிந்த பிறகு யாரும் யாருடனும் அதிகம் கதைக்கவில்லை. கடைகள் திறந்தன, மூடின. சாமான் வாங்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். என் தம்பி வன்னியில் இருந்தான். கடைசியாக ஏப்ரலில் யாருடையதோ தொலைபேசியில் அழைத்தான். சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. "பிறகு எடுக்கிறன் அக்கா" என்று சொல்லி வைத்தான். அதன்பின் நான் தொலைபேசியைக் கீழே வைத்ததில்லை. குளிக்கப் போனாலும் அலமாரி விளிம்பில் வைத்துவிட்டுத்தான் குளிப்பேன்.

அப்படியான ஒரு பிற்பகலில் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். உயரமான மனிதர், நரைத்த மீசை, நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. முதலாளியிடம் முதலில் பிரெஞ்சில் கதைத்தார், பிறகு பாண்டிச்சேரித் தமிழுக்கு மாறினார். தொலைபேசி திருத்துகிறவர் வேண்டாம், எலெக்ட்ரோனிக் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். முதலாளி என் மூலையைக் கை காட்டினார்.

பெரியவர் பையிலிருந்து பெருவிரல் அளவான எவர்சில்வர் துண்டொன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். அதன் வாலில் மூன்று வயர்கள் தொங்கின.

"இது பிரெஸ்யோன் கப்தேர் மதாம். தண்ணியோட அழுத்தத்தை அளக்கும். இது சொல்றது ஓர்தினத்தேர்ல தெரியணும். உங்களால பண்ண முடியுமா?"

அழுத்தத்தை உணர்கிற சென்சரைத்தான் அவர் பிரெஞ்சில் கப்தேர் என்றார். கணினியில் அதன் எண்ணைக் காட்டவேண்டும், அவ்வளவுதான். செய்யலாம் என்றேன். வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கா என்று கேட்டேன்.

"இல்ல. நீர்மூழ்கிக்கு" என்றார், தாங்கிக்கு என்று சொல்கிற அதே குரலில்.

இது இராணுவச் சமாச்சாரம் ஒன்றும் கிடையாது, தன் ஆசைக்குச் செய்வது என்று அவரே தொடர்ந்து விளக்கினார். பாரிசின் புறநகரான ஆர்ஜொந்தெயில் தன் வீட்டுக் கராஜில் நான்கைந்து வருடமாகக் கட்டுகிறாராம். இரும்பு வேலை, மோட்டார் வேலை எல்லாம் தனக்குத் தெரியும். கணினி என்று வந்தால் கை ஓடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டு விலாசம் எழுதித் தந்தார்.

அவர் போன பிறகு முதலாளி என் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர், எப்போதும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கதவுப் பக்கம் ஒருக்கால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, உந்த வேலையைச் செய்யிறதெண்டால் செய்யும். ஆனா நீர்மூழ்கி எண்ட சொல்லை இந்தத் தெருவிலை வாயிலை எடுக்காதையும். இப்ப இருக்கிற நேரத்திலை, கேக்கிறவன் என்னெண்டு விளங்குவானோ தெரியாது."

எனக்கு அது விளங்கியது. புலிகளுக்காகச் செய்கிறோம் என்று யாராவது கதை கட்டினால் போதும், பொலிஸ் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிகவும் நீளமாக இருந்தன. அடுத்த ஞாயிறு சென் லசார் நிலையத்தில் ரயில் ஏறினேன்.

கராஜ் கதவைத் தூக்கியதும் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணெய்த் தாங்கி ஒன்றைப் படுக்கப் போட்டதுபோல் இருந்தது. உண்மையில் அது ஏதோ தொழிற்சாலையில் கழித்துவிட்ட காற்றழுத்தத் தாங்கிதான். பெரியவர் அதற்கு மேலே ஒரு கோபுரம் வைத்து, வட்டக் கண்ணாடிகள் பதித்து, இரண்டு பக்கமும் மின் மோட்டார்கள் பூட்டியிருந்தார். உள்ளே ஒரு ஆள் உட்காரலாம். கையை முழுசாக நீட்ட முடியாது.

இருபது வயதில் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்தவர் அவர். நீர்மூழ்கிக் கப்பலில் போகவேண்டும் என்று கேட்டாராம், கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். பிறகு பணிக்காலம் முழுக்க மேல் மிதக்கிற கப்பல்களின் இயந்திர அறையில் கழிந்தது. துலோன் துறைமுகத்தில் நீர்மூழ்கிகள் வெளியே போகும்போது மேல்தட்டில் ஏறி நின்று பார்ப்பாராம். ஓய்வு பெற்றார், மனைவி இறந்துவிட்டாள், மகளும் தெற்கே தூலூஸ் நகரில் குடும்பமாகிவிட்டாள். அதன் பிறகுதான் இந்த இரும்பை வாங்கியிருக்கிறார். "வீட்ல சும்மா உக்காந்து தெலேவிஸியோன் பாக்கச் சொல்றாங்க எல்லாரும்" என்றார்.

அன்று மேசையடியில் உட்கார்ந்து என்னென்ன அளக்கவேண்டும் என்று கதைத்தோம். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதற்கு வெளியே அழுத்த சென்சர். உள்ளே காற்றில் ஒட்சிசன் எவ்வளவு, விடுகிற மூச்சில் சேருகிற கரியமிலவாயு எவ்வளவு. பற்றரியின் வலுவும் சூடும். கடைசியாக, அடித்தட்டில் தண்ணீர் கசிந்தால் கத்துகிற ஒன்று. எல்லாம் உள்ளே இருக்கிற சிறிய கணினிக்கு வரவேண்டும். அங்கிருந்து நீண்ட கேபிள் ஒன்று மேலே மிதவைக்குப் போகவேண்டும், கரையில் இருக்கிற ஆளும் அதே எண்களைப் பார்க்கவேண்டும், கதைக்கவும் வேண்டும். கரையில் இருக்கிற ஆள் யார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். சரி என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அதன்பின் அநேகமான ஞாயிறுகள் அங்கேதான் போயின.

வேலை மெதுவாக நடந்தது. ஒவ்வொரு சென்சரும் தனித்தனிப் பாஷை பேசியது. ஒன்று மின்னழுத்தமாகச் சொல்லும், ஒன்று துடிப்புகளாகச் சொல்லும், இன்னொன்று கேட்டால்தான் பதில் தரும். எல்லாவற்றையும் கையளவு சர்க்கியூட் பலகை ஒன்றில் சேர்த்து, அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதி, கணினிக்கு ஒரே வரிசையாக அனுப்ப வைத்தேன். கல்லூரியில் படித்ததில் பாதி மறந்துவிட்டிருந்தது. ஜோர்ஜ் பொம்பிது நூலகத்தில் போய் உட்கார்ந்து பிரெஞ்சுப் புத்தகங்களில் திரும்பப் படித்தேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது என்பது ஆறுதலாக இருந்தது.

மத்தியானம் அவர் சமைப்பார். மீன் குழம்பு வைத்து அதை நீளமான பகெத் பாண் ரொட்டியோடு சாப்பிடுவோம். எங்கள் தமிழ் அடிக்கடி மோதும். ஒருமுறை வயர் நுழைகிற துளையைக் காட்டி "இதை வடிவா அடைக்கவேணும்" என்றேன். அவர் ஒரு வாரம் செலவழித்து, துளையை அடைத்த பிசினைத் தேய்த்துப் பளபளவென்று மெருகேற்றி வைத்திருந்தார். நல்லாக, கவனமாக என்பதைத்தான் நாங்கள் வடிவாக என்போம் என்று சொன்னபோது, "அழகா இருக்கணும்னு இல்ல நினைச்சேன்" என்று சிரித்தார். அந்த வருடத்தில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

எல்லாம் பூட்டி, முதன்முதலாக மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்த நாளில் திரையில் ஆழம் தாவிக் குதித்தது. மரக்குற்றிகளின்மேல் காய்ந்து கிடந்த நீர்மூழ்கி, முப்பது மீட்டர் ஆழத்தில் இருப்பதாகச் சொன்னது. மோட்டாரை நிறுத்தினால் பூச்சியம். ஓடவிட்டால் திரும்ப முப்பது, நாற்பது.

பல ஞாயிறுகள் அதிலேயே போயின. சென்சரை மாற்றினேன், பலகையை மாற்றினேன். கடைசியில் கராஜ் நிலத்தில் படுத்திருந்து வயர்கள் போகிற வழியைப் பார்க்கும்போதுதான் பிடிபட்டது. இடம் போதாததால் மோட்டாருக்குப் போகிற தடித்த வயரோடு சேர்த்தே சென்சர் வயரையும் கட்டியிருந்தோம். மோட்டாரின் மின் இரைச்சல் அந்த வயருக்குள் ஏறியது. போதாக்குறைக்கு இரண்டும் ஒரே பற்றரியில் இருந்தன. சென்சர்களுக்குத் தனிப் பற்றரி வைத்து, வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, மேலே உலோக வலை போட்ட கேபிளாக மாற்றி, மற்றப் பக்கச் சுவரோரம் கொண்டுபோனேன். மோட்டார் ஓடியது. ஆழம் பூச்சியத்திலேயே நின்றது. பெரியவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, உள்ளே போய் இரண்டு கோப்பி போட்டுக் கொண்டுவந்தார்.

இதற்கிடையில் தெருவில் கதை கிளம்பியிருந்தது. பலசரக்குக் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர்ப் பக்கத்து அக்கா ஒருத்தி என் அருகே வந்தாள்.

"ஞாயிறிலை ஆர்ஜொந்தெய் பக்கம் போறீராம். ஆரும் சொந்தக்காரரோ?"

"இல்லை அக்கா. வேலைக்கு."

"ஞாயிறிலை என்ன வேலை?"

சொல்ல நினைத்தேன். முதலாளி சொன்னது ஞாபகம் வந்தது. கத்தரிக்காயை நிறுக்கக் கொடுத்தேன். அதன்பின் சிலர் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைத்தார்கள். சிலர் அதையும் செய்யவில்லை. பிரிந்து வாழ்கிற பெண், மனைவி இல்லாத பாண்டிச்சேரிக் கிழவர், ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்கு அது போதும். உண்மையைச் சொன்னால் அதைவிட மோசமாக ஏதாவது நினைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகினேன்.

அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் நீர்மூழ்கியை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கினோம். மண் தோண்டி எடுத்த பள்ளத்தில் நீர் நிரம்பிய குளம் அது, நகரத்துக்கு வெளியே. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரர் பாரந்தூக்கி பூட்டிய லொறி வைத்திருந்தார், குளத்துக்காரரையும் தெரிந்தவர். அதிகம் கதைக்காத மனிதர். இரும்பைக் குளத்தில் இறக்கிவிட்டு லொறிப் படியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

பெரியவர் உள்ளே இறங்கி மூடியைப் பூட்டினார். நான் கரையில் மடிக்கும் மேசையில் கணினியோடு இருந்தேன், காதில் அவர் குரல் கேட்கும் கருவி. எண்கள் ஒழுங்காக வந்தன. ஒரு மீட்டர், இரண்டு, மூன்று. கோபுரம் மறைந்து, மிதவை மட்டும் மிஞ்சியது. அவர் காணுகிறதைச் சொல்லிக்கொண்டே போனார். பச்சைத் தண்ணீர், ஒரு மீன், ஒரு பழைய தயர்.

அப்போது கசிவு எச்சரிக்கை சிவப்பாக மின்னியது.

"ஐயா, தண்ணி வருது, மேலை வாங்கோ" என்றேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு எங்கேயும் காணவில்லை என்றார். "இருந்தாலும் வாங்கோ. இப்பவே வாங்கோ" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது, அவர் நீர்மூழ்கியை அமிழ்த்தி வைத்திருந்த அடிப்பாரத்தைக் கழற்றிவிட்டார். நீர்மூழ்கி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு மேலே பொங்கி வந்தது.

கரைக்கு இழுத்து மூடி திறந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூட்டுகளும் துளைகளும் எல்லாம் காய்ந்திருந்தன. ஆனால் உள் சுவர் முழுக்க முத்து முத்தாகத் துளிகள். குளிர்ந்த இரும்பில் அவருடைய மூச்சு படிந்து, வழிந்து, அடியில் சேர்ந்து, சென்சரைத் தொட்டிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் நனைந்த கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "கத்தவேண்டியது கத்திச்சு. அது பாட்டுக்கு அது வேலையைப் பண்ணிச்சு" என்றார். அந்தக் குளிர்காலத்தில் அந்த சென்சரைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, சுவரில் வழிகிற நீர் வேறு பக்கம் போகும்படி வாய்க்கால் போலச் சின்னப் பீலி ஒன்று ஒட்டினோம்.

2011 கோடையில் அவர் பலமுறை இறங்கினார். ஒருநாள் மேலே வந்து ஏறி உட்கார்ந்தவர், "நீங்க ஒரு தடவ போயிட்டு வாங்க" என்றார். மாட்டேன் என்றேன். உள்ளே ஓடுகிற எல்லா வயரும் நான் இழுத்தது, இழுத்தவள் ஒருமுறையாவது உள்ளே இருந்து பார்க்கவேண்டாமா என்றார். கைப்பிடிகளை எல்லாம் காட்டித் தந்தார். தொலைபேசியைக் கேட்டுக் கை நீட்டினார். தொலைபேசி சென்சர்களைக் குழப்பும், அதை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது அவர் போட்ட விதி. அதை அவர் கையில் கொடுக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. யாராவது அழைத்தால் எடுத்துக் கதைக்கச் சொன்னேன். "யாரு கூப்பிட்டாலும் எடுக்கிறேன்" என்றார். தம்பியைப் பற்றி அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மூடி பூட்டிக்கொண்டது. தண்ணீர் கண்ணாடியில் ஏறியது. மேலிருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றது. பாரிசில் நான் இருந்த அறையில் ரயில் சத்தம் இல்லாத நேரமே கிடையாது. இங்கே சின்ன விசிறி சுழல்கிற சத்தம் மட்டும். வெளியே பச்சை, கீழே போகப் போகக் கரும்பச்சை. நான்கு மீட்டரில் நிறுத்தினேன். என் முன்னால் நான் எழுதிய எண்கள், நான் தெரிந்தெடுத்த எழுத்தில், ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன.

இங்கே என்னை யாரும் கூப்பிட முடியாது என்று நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு மணி அடிப்புக்கும் எழும்பி ஓடியவள். அழைப்பு வராது என்பது எனக்கு எப்போதோ தெரிந்திருந்தது. அதை நினைக்க ஒரு இடம் இருக்கவில்லை. அந்த இரும்புக்குள் அது தானாக வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், மேலே கேட்கக்கூடாது என்பதற்காக.

சிறிது நேரத்தில் காதில் அவர் குரல் வந்தது.

"கரியமிலவாயு வேகமா ஏறுது. எனக்கு இப்படி ஏறினதில்ல. மூச்சு வாங்குதா?"

"ஒண்டுமில்லை ஐயா."

"நம்பர் வேற சொல்லுதே."

அந்த சென்சரைப் பூட்டியது நான்தான். அழுகிற ஆள் அதிகம் மூச்சு விடுவாள் என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகு அவர் சொன்னார்.

"சரி. இருக்கணும்னா இருங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். கரியமிலவாயு நம்பர் அஞ்சாயிரத்தைத் தொட்டா மட்டும் மேல வந்துடணும். தக்கோர்? சரியா?"

"ஓம்" என்றேன்.

அந்த எல்லைக்கு மெல்ல மெல்ல எண் ஏறும்வரை அங்கேயே இருந்தேன். பிறகு மேலே வந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தொலைபேசியைத் தந்து, யாரும் அழைக்கவில்லை என்றார். லொறிக்காரர் ஒரு துவாலையைத் தந்துவிட்டுத் திரும்பிப் போனார். திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்று பெரியவருக்குச் சொன்னேன். இருந்தான் என்றுதான் என் வாயில் வந்தது. அவர் வண்டியை ஓட்டியபடி தலையை அசைத்தார். மனைவி இறந்த பிறகு தான் ஒரு வருடம் கட்டிலில் அவள் படுத்த பக்கத்தைச் சரிசெய்து வைத்ததைச் சொன்னார்.

அதற்கடுத்த வருடம் அவர் கண் மங்கத் தொடங்கியது. திரையில் எண்கள் தெரியவில்லை, நான் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பிறகு அதுவும் தெரியவில்லை. மகள் வந்து வீட்டை விற்கவும் அவரைத் தன்னோடு தூலூசுக்குக் கூட்டிப்போகவும் ஏற்பாடு செய்தாள். நல்ல பெண், அப்பாவிடம் பிரெஞ்சில் பேசினாள், என்னைத் தூரத்துச் சொந்தக்காரியைப்போல நடத்தினாள். நீர்மூழ்கியைப் பிரெத்தாஞ் கடலோரத்திலிருந்து வந்த ஒருவர் வாங்கினார். எந்த வயர் எங்கே போகிறது என்று அவருக்கு நான் கராஜில் ஒரு பகல் முழுக்க விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். லொறியில் ஏற்றும்போது பெரியவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

தூலூசுக்கு ஒருமுறை போய் அவரைப் பார்த்தேன். பல்கனியில் உட்கார்ந்திருந்தார். வாங்கியவர் எனக்கு அனுப்பிய படத்தைத் தொலைபேசியில் காட்டினேன்: நீர்மூழ்கி கடலில் மிதக்கிறது, கோபுரத்தில் இரண்டு பிள்ளைகள். அவரால் பார்க்க முடியவில்லை. என்ன நிறம் அடித்திருக்கிறான் என்று கேட்டார். சிவப்பு என்றேன். "கடல்ல இறக்கிட்டானா" என்று இரண்டு தடவை கேட்டார். ஓம் என்று இரண்டு தடவையும் சொன்னேன். அதன்பின் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தார்.

புறப்படும்போது ஞாயிறுகளில் தன்னைப் போனில் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். முதலில் நன்றாகக் கதைத்தார், பிறகு குறைந்தது. சில ஞாயிறுகளில் மகள் எடுத்து, அப்பா தூங்குகிறார் என்பாள். ஒரு மாசி மாதத்தில் அவளே என்னைக் கூப்பிட்டாள். அடக்கத்துக்குப் போக ரயில் கிடைத்தது, போனேன். மகளைத் தவிர என்னைத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. மகள் என் கையைப் பிடித்துத் தன் பிள்ளைகளிடம், தாத்தாவின் நீர்மூழ்கிக்குக் கணினி பூட்டியவர் இவர்தான் என்று பிரெஞ்சில் சொன்னாள். பிள்ளைகள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அதுவரை அந்த வேலையை யாரும் மற்றவர்கள் முன்னால் சத்தமாகச் சொன்னதில்லை.

லாச்சப்பல் கடையில் நான் இன்னும் சில வருடங்கள் இருந்தேன். இப்போது கட்டடங்களின் கொதிகலன் அறைகளில் சென்சர் பூட்டுகிற கொம்பனியொன்றில் வேலை. நிலவறைகளில் தனியாக வேலை செய்வேன். பிடித்திருக்கிறது.